ஏழாம் இலக்கமும் பதினெட்டாம் இலக்கமும்

பிரான்சு தேசத்தின் வடமேற்கிலே, பாரிஸ் மாநகரிலிருந்து சுமார் 125 மைல் தொலைவில், லெ மான் என்னும் பழைய நகரம் இருக்கின்றது. அந்நகரின் புறத்தே, சிற்றூர்களையும் பைன்மரக் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் பொதுத்தெருக்களை ஆண்டில் ஒருமுறை அடைத்து, இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது மோட்டார் வண்டிகளை ஓடவிடும் வழக்கம் 1923 ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே ஆரம்பமாயிற்று. எந்த வண்டி அதிக வேகமாக ஓடும் என்பதைக் காண்பதற்கு அக்காலத்தில் வேறு பந்தயங்கள் இருந்தன. பணங் கொடுத்து வாங்கக்கூடிய ஒரு வண்டி இரவும் பகலும் ஓடி நிலைக்குமா, அதன் விளக்குகள் விடியும்வரை எரியுமா, அதன் பிறேக்குகள் மறுநாள் மாலையிலும் பிடிக்குமா என்று பார்ப்பதே லெ மானின் நோக்கம். அக்காலத்தில் ஒரு வண்டிக்குச் சாரதிகள் இருவர். அவர்கள் மாறிமாறி ஓட்டுவர். எவர் அதிக தூரம் ஓடினாரோ அவரே வென்றவர்.

அப்பந்தயத்தில் வென்ற வண்டிகள் பலவற்றுள் இரண்டினை அருகருகே நிறுத்திப் பார்த்தல் பயன் தருவதாகும். ஒன்று, 1927 ஆம் ஆண்டு வென்ற மூன்று லீற்றர் பென்ற்லி. முந்திய ஆண்டிலே 7 ஆம் இலக்கத்துடன் ஓடித் தோற்றமையால் ‘பழைய ஏழாம் இலக்கம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வென்ற ஆண்டில் அது தாங்கிய இலக்கமோ 3. தோல்வியிற் கிடைத்த பெயர் வெற்றிக்குப் பின்னும் மாறவில்லை. மற்றையது, 1953 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கத்துடன் ஓடி வென்ற ‘சீ’ வகை ஜகுவார். இரண்டும் இங்கிலாந்திலே பிறந்தவை. இரண்டினதும் எஞ்சின் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடில்லை. பென்ற்லியின் கொள்ளளவு 2,996 கன சென்ரிமீற்றர். ஜகுவாரின் கொள்ளளவு 3,442. ஆனால் பென்ற்லி இருபத்துநான்கு மணி நேரத்தில் ஓடியது சுமார் 1,472 மைல். ஜகுவார் ஓடியது சுமார் 2,540 மைல். சராசரி வேகத்தைப் பார்த்தால், முன்னையது மணிக்கு 61 மைலுக்குச் சற்று மேல். பின்னையது ஏறத்தாழ 106 மைல். இடையில் 26 ஆண்டுகள். அவற்றுள் ஓர் உலகப் போர். மணிக்கு 44 மைலுக்கு மேற்பட்ட அந்த மிகுதி எங்கிருந்து வந்தது?

எஞ்சினிலிருந்து வந்தது என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். அது பாதி உண்மை.

பென்ற்லி வண்டியைப் படைத்த வோல்ற்றர் ஓவன் பென்ற்லி 1888 ஆம் ஆண்டு லண்டனிலே பிறந்தவர். பள்ளியை விட்டதும் டொன்காஸ்ரர் நகரத்துப் புகைவண்டித் தொழிற்சாலையிலே தொழில் பயிலச் சென்றார். பின்னர் சகோதரருடன் சேர்ந்து பிரெஞ்சு மோட்டார் வண்டிகளை லண்டனில் விற்றுவந்தார். 1913 ஆம் ஆண்டு அவ்வண்டிகளைச் செய்யும் ஆலைக்குச் சென்றபோது, அங்கே ஒரு மேசைமீது கடதாசிகள் பறவாதபடி வைக்கப்பட்டிருந்த சிறு பொருளொன்று அவர் கண்ணிற் பட்டது. அது அலுமினியத்தாற் செய்த ஒரு பிஸ்ரன். விளையாட்டுப் பொருளாய்க் கிடந்த அதனை அவர் விளையாட்டாக எண்ணவில்லை. அக்காலத்துப் பிஸ்ரன்கள் இரும்பினாலோ உருக்கினாலோ ஆனவை. பாரங் குறைந்த உலோகத்தாற் செய்தால் எஞ்சின் விரைந்து சுழலுமே என்று கருதித் தாம் விற்ற வண்டிகளிலே அதனை அமைத்துப் பந்தயங்களில் வென்றார். முதலாம் உலகப் போர் மூண்டபோது அந்த அனுபவம் விமான எஞ்சின்களுக்குப் பயன்பட்டது. அவர் ஆக்கிய சுழல் எஞ்சின் சொப்வித் கமல் என்ற போர்விமானத்திலே பொருத்தப்பட்டது.

போர் முடிந்தபின் 1919 ஆம் ஆண்டு அவர் தமது பெயரால் ஒரு கம்பெனியை நிறுவினார். முதலாவது மூன்று லீற்றர் வண்டி வாங்கியவரின் கையிற் சேர்ந்தது 1921 புரட்டாதியிலே. அதன் எஞ்சினைப் பார்க்கும்போது அது எவ்வளவு பழையது என்பதிலும், எவ்வளவு புதியது என்பதே வியப்பாகும். உருளைகள் நான்கு. ஒவ்வோர் உருளைக்கும் வால்வுகள் நான்கு. தீப்பொறி பிறப்பிக்கும் பிளக்குகள் இரண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு எஞ்சினின் தலைமேலே கிடக்கின்றது. உருளைக்கு நான்கு வால்வு என்பது இக்காலத்தில் சாதாரண வண்டிகளிலும் காணப்படும் முறை. 1953 இல் வென்ற ஜகுவாரிலோ உருளைக்கு இரண்டு வால்வுகளே இருந்தன! பழையது பின்தங்கியது, புதியது முன்னேறியது என்று ஒரே அளவுகோலைப் பிடிப்பவர்கள் இவ்விடத்திலே சற்றுத் தடுமாறவேண்டி வரும்.

ஆயினும் அந்த எஞ்சினுக்கு ஒரு விலங்கு இருந்தது. உருளையின் விட்டம் 80 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலுங் கீழும் செல்லும் தூரமோ 149 மில்லிமீற்றர். கிணறு போல ஒடுங்கி ஆழ்ந்த உருளை. பிரித்தானிய அரசாங்கம் மோட்டார் வண்டிக்கு விதித்த குதிரைவலு வரி உருளையின் விட்டத்தைக் கொண்டே கணிக்கப்பட்டது. ஆகவே அந்நாட்டு வல்லுநர் விட்டத்தை ஒடுக்கி ஆழத்தைக் கூட்டப் பழகிவிட்டனர். ஆழ்ந்த உருளையிலே பிஸ்ரன் ஒவ்வொரு சுழற்சிக்கும் நெடுந்தூரம் ஓடவேண்டும். சுழற்சியைக் கூட்டினால் உலோகந் தாங்காது. நிமிடத்துக்கு 3,500 சுற்று அளவிலே பென்ற்லி நின்றுவிட்டது. பந்தயத்துக்கென முறுக்கியபோதும் அது தந்தது சுமார் 85 குதிரைவலுவே. ஜகுவாரின் எஞ்சினில் விட்டம் 83 மில்லிமீற்றர், ஓட்டம் 106 மில்லிமீற்றர், உருளைகள் ஆறு. அது 5,000 சுற்றைக் கடந்து, 1953 இல் 220 குதிரைவலு தந்தது. வலு இரண்டரை மடங்கு பெருகிற்று. வேகமோ இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஏனெனில், வேகம் கூடக்கூட வண்டிக்கு முதற் பகையாவது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகின்றது.

காற்றின் பகைமையைப் பென்ற்லி கம்பெனியார் ஒருமுறை நேரடியாகவே அறிந்தனர். 1923 இல் நடந்த முதற் பந்தயத்துக்கு அவர்கள் வண்டி அனுப்பவில்லை. ஜோன் டவ் என்பவர் தமது சொந்த வண்டியைக் கொண்டுசென்றார். அதன் முன்சில்லுகளுக்குப் பிறேக்கே கிடையாது. தெருவிலிருந்து தெறித்த கல் முன்விளக்கொன்றை உடைத்தது. இன்னொரு கல் பெற்றோல் தாங்கியைத் துளைத்தது. டவ் கால்நடையாகத் திரும்பிவர, அவருடைய துணைச்சாரதியான கிளமென்ற் ஒரு சைக்கிளைக் கடன்வாங்கி, பெற்றோலைச் சுமந்துசென்று, துளையை அடைத்து, வண்டியை மீட்டார். அப்படியிருந்தும் நான்காம் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு நான்கு சில்லுகளுக்கும் பிறேக்குப் பூட்டி, தாங்கிக்கும் விளக்குகளுக்கும் காப்பிட்டு வந்து, அதே இருவரும் வென்றனர். 1925 இல் வந்தது பாடம். துணிக் கூரையை விரித்துக்கொண்டே முதற் சுற்றுக்களை ஓடவேண்டும், குறித்த சுற்றுக்கள் முடியுமுன் பெற்றோல் நிரப்பக்கூடாது என்பது அந்நாளைய விதி. கம்பெனியார் பெற்றோல் கணக்கைக் கூரையில்லாமல் ஓட்டிப்பார்த்துப் போட்டிருந்தனர். விரித்த கூரை காற்றைப் பிடித்து இழுக்க, எதிர்பார்த்ததிலும் விரைவாகப் பெற்றோல் தீர்ந்து, முன்னணியில் ஓடிய வண்டி தெருவிலே நின்றுபோயிற்று. ஒரு சாண் துணி மறைத்த காற்று ஒரு பந்தயத்தையே பறித்துக்கொண்டது எனலாம்.

இனி 1927 ஆம் ஆண்டு ஆனி மாதம் 18 ஆந் திகதி இரவைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். அவ்வாண்டு பென்ற்லி கம்பெனி மூன்று வண்டிகளை அனுப்பியது. நாலரை லீற்றர் புதுவண்டி முன்னே சென்றது. மூன்று லீற்றர் வண்டிகள் இரண்டு பின்தொடர்ந்தன. இருள் பரவும் வேளையில், ‘வெள்ளை வீடு’ என்று பெயர்பெற்ற பண்ணைவீட்டின் அருகிலுள்ள வளைவிலே ஒரு பிரெஞ்சு வண்டி நிலைகுலைந்து தெருவுக்குக் குறுக்கே நின்றது. முதலாவது பென்ற்லி அதனைத் தவிர்க்க முயன்று பள்ளத்தில் வீழ்ந்தது. பின்வந்த இரண்டாவது பென்ற்லி அதன்மேல் மோதிற்று. மூன்றாவதாக வந்த பழைய ஏழாம் இலக்கத்தைச் செலுத்தியவர் டேவிஸ் என்ற பத்திரிகையாளர். வளைவுக்கு முன்பே தெருவிற் சிதறிக்கிடந்த மண்ணும் மரச்சிராய்களும் அவர் கண்ணிற் பட்டன. ஏதோ நடந்திருக்கிறது என்று கணத்தில் உணர்ந்து வேகத்தைக் குறைத்தார். இருந்தும் வளைவு திரும்பியதும் எதிரே குவிந்துகிடந்த உடைவுகளைத் தவிர்க்க முடியவில்லை. வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சென்று அவற்றுடன் மோதியது.

டேவிஸ் இறங்கினார். முதலில் அவர் தேடியது தமது தோழர்களை. எவரும் உயிரிழக்கவில்லை என்று கண்டபின்பே தமது வண்டியைப் பார்த்தார். அதனைப் பின்னோக்கி இழுத்தெடுத்து மெல்ல ஓட்டித் தரிப்பிடத்துக்கு வந்தார். முன் அச்சு வளைந்திருந்தது. வலப்பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. மட்காட் மடிந்து சில்லின்மேற் கிடந்தது. பற்றரிப் பெட்டி கழன்று தொங்கியது. சாரதி ஒருவரே, வண்டியிற் கொண்டுவந்த ஆயுதங்களைக்கொண்டே, பழுது பார்க்கவேண்டும் என்பது விதி. தொழிலாளர் பலர் கைகட்டி நிற்க, டேவிஸ் தனியே சில்லை மாற்றி, மட்காட்டை நிமிர்த்தி, தொங்கியவற்றைக் கயிற்றாலும் வாராலும் கட்டி, அரை மணி நேரத்தில் மீண்டும் புறப்பட்டார். அவரும் டொக்டர் பெஞ்சபீல்ட் என்ற வைத்தியரும் மாறிமாறி இரவு முழுவதும், மழையிலும், ஒரு பக்க விளக்கிழந்த வண்டியைச் செலுத்தினர். முன்னே ஓடிய ‘ஆரியே’ என்ற பிரெஞ்சு வண்டி பல சுற்றுக்களால் முந்தியிருந்தது. விடிந்தபின் இடைவெளி சுருங்கத் தொடங்கியது. பந்தயம் முடிவதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே இருந்தபோது, துரத்தப்பட்ட அவ்வண்டியின் எஞ்சின் பழுதடைந்து நின்றது. வளைந்த அச்சுடன் ஓடிய பென்ற்லி, இரண்டாவதாக வந்த வண்டியைச் சுமார் 217 மைல் முந்தி வென்றது.

லண்டன் சவோய் விடுதியிலே, டேவிஸ் கடமையாற்றிய ‘ஓட்டோக்கார்’ பத்திரிகையின் உரிமையாளர் அளித்த விருந்துக்கு, மண்ணும் நெளிவும் நீங்காத அந்த வண்டியையே கௌரவ விருந்தினராக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினர். ஆங்கிலேயர் இத்தகைய வேடிக்கைகளில் விருப்பமுடையவர்கள். ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளே ஒரு வியாபாரக் கவலையும் இருந்தது. கம்பெனி பிறந்த நாள் முதல் பணமுடையிலே தத்தளித்தது. 1926 இல் கிம்பர்லி வைரச் சுரங்கத்திற் செல்வம் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்த வூல்வ் பார்ணாற்றோ என்பவர் முதலிட்டுத் தாங்கினார். அடிச்சட்டமும் எஞ்சினும் மாத்திரமே ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட வண்டியை வாங்கச் சொல்லுவதற்கு லெ மான் வெற்றியிலும் சிறந்த விளம்பரம் வேறில்லை.

அடுத்த மூன்றாண்டுகளிலும் பென்ற்லியே வென்றது. பார்ணாற்றோ தாமே சாரதியாகி, ஓடிய மூன்று பந்தயங்களிலும் வென்றார். ஆனால் வழி ஒன்றாகவே இருந்தது: மூன்று லீற்றர் நாலரை ஆயிற்று, நாலரை ஆறரை ஆயிற்று. வலுவைப் பெருக்க எஞ்சினைப் பெருக்கினர். எஞ்சின் பெருக்க வண்டியும் பாரித்தது. பென்ற்லி வண்டியைப் பூகாற்றி என்ற மேதை ‘விரைந்தோடும் பாரவண்டி’ என்று கேலிசெய்ததாக ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, குறி தப்பவில்லை. 1930 இல் எட்டு லீற்றர் வண்டி வந்தது. உலகமெங்கும் பொருளாதார மந்தம் பரவிய காலத்திலே கோமகன்களுக்கு ஏற்ற வண்டி. நூறு வண்டிகளோடு அதன் கதை முடிந்தது. 1931 ஆடியிலே கம்பெனி கடன்காரர் கையிற் சென்றது. அவ்வாண்டு கார்த்திகையிலே, பெயர் வெளிப்படாத ஓர் இடைக் கம்பெனி மூலம் றோல்ஸ்-றொய்ஸ் அதனை வாங்கியது. எந்திரங்களோடும் கட்டடங்களோடும் சேர்த்துப் பென்ற்லி என்ற பெயரும் விலைபோயிற்று.

ஜகுவாரின் தந்தையான வில்லியம் லயன்ஸ் எந்திர வல்லுநரல்லர். 1922 இல், பிளக்பூல் என்ற கடற்கரை நகரத்திலே, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தொட்டில் செய்யத் தொடங்கியவர் அவர். வடிவம் எது, விலை எது என்பதில் அவருக்கிருந்த கண் அபூர்வமானது. பின்னர் கொவென்றி நகருக்குப் பெயர்ந்து வண்டிகள் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சினால் எழும் தீயைக் கண்காணிக்க இரவிலே தொழிற்சாலையில் விழித்திருக்க வேண்டியிருந்தது. அவ்விரவுகளில் லயன்சும் அவருடைய வல்லுநரான ஹெயின்ஸ், பெயிலி, ஹசன் என்போரும் போருக்குப் பின் செய்யவேண்டிய எஞ்சினைப் பற்றி உரையாடினர். அந்த உரையாடலில் உருவானதே ‘எக்ஸ் கே’ எஞ்சின். 1948 ஐப்பசியிலே லண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தபோது, அதனைத் தாங்கிய திறந்த வண்டியின் விலை வரி நீங்கலாக 998 பவுண். கால் நூற்றாண்டுக்கு முன் பென்ற்லியின் அடிச்சட்டத்துக்கும் எஞ்சினுக்குமே அதனிலும் மிகுதியாகக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதையும், இடையிலே பவுணின் பெறுமதி வீழ்ந்திருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், லயன்ஸ் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

மேற்சொன்ன மூவருள் வோல்ற்றர் ஹசன் என்பவரைத் தனியே குறிப்பிடவேண்டும். 1920 இல், பதினைந்து வயதுச் சிறுவனாகப் பென்ற்லி தொழிற்சாலையிலே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கேயே பந்தய வண்டிகளைப் பேணும் தொழிலாளராக உயர்ந்தவர். இரு யுகங்களையும் இணைக்கும் கை ஒன்று உண்டென்றால் அது அவருடைய கைதான்.

1950 இல் ஜகுவார் வண்டிகள் மூன்று லெ மானுக்குச் சென்றன. கடையிற் கிடைப்பவற்றிலிருந்து அதிகம் மாறாத வண்டிகள். ஒன்று முன்னணியில் ஓடி, மூன்று மணி நேரம் எஞ்சியிருக்கையில் கிளச்சுப் பழுதடைந்து நின்றது. மற்றை இரண்டும் 12 ஆம், 15 ஆம் இடங்களைப் பெற்றன. அப்பந்தயத்தில் 8 ஆம் இடம் பெற்றது எது? 1934 ஆம் ஆண்டின் பந்தயமொன்றுக்காக ஆக்கப்பட்ட ஒரு பென்ற்லி! றோல்ஸ்-றொய்ஸ் கையிற் பிறந்ததாயினும் பெயரால் அது பென்ற்லி. அதன் உரிமையாளர் ஹோல் என்பவர் துணைச்சாரதிக்கு இடங்கொடாமல் இருபத்துநான்கு மணி நேரமும் தாமே ஓட்டினார். புதிய எஞ்சினுக்குப் பழைய உடல் போதாது என்பதை ஜகுவார் கம்பெனியார் அப்பொழுது கண்டுகொண்டனர்.

எனவே 1951 இல் ‘சீ’ வகை பிறந்தது. மெல்லிய உருக்குக் குழாய்களைப் பறவைக்கூடு போலப் பின்னி அடிச்சட்டம் அமைத்தனர். உடலை வகுத்தவர் மல்கம் செயர். அவர் பிறிஸ்ரல் விமானக் கம்பெனியிலே பயின்றவர். சிற்பி போலக் கண்ணை நம்பாமல் கணிதத்தை நம்பியவர். பென்ற்லியின் முகம் நிமிர்ந்த றேடியேற்றர், எழுந்துநிற்கும் கண்ணாடி, வெளியே துருத்திய விளக்குகள், மட்காட்கள். காற்றைத் தள்ளிக்கொண்டு செல்லும் சுவர் அது. செயரின் வண்டியோ காற்றைக் கிழிக்காமல் அதனை வருடிச் செல்வது. பாரம் 20 அந்தருக்கு உட்பட்டது. முதல் ஆண்டிலேயே வோக்கர், வைற்ஹெட் என்ற இருவர் அதனை ஓட்டி வென்றனர்.

ஆனால் காற்று வென்று முடிக்கக்கூடிய பகையன்று. 1952 இல் ஜேர்மனிய மேர்சிடிஸ் வண்டிகளின் வேகத்தைக் கண்டு அஞ்சி, ஜகுவார் கம்பெனியார் அவசரமாக வண்டியின் மூக்கை நீட்டிக் கூர்மையாக்கினர். காற்றுக்கு இதமாயிற்று, எஞ்சினுக்குக் குளிர்ச்சி போதவில்லை. மூன்று வண்டிகளும் சூடேறிப் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டன. மேர்சிடிஸ் வென்றது. போதிய பரிசோதனை இன்றிச் செய்த மாற்றம் 1925 இல் பென்ற்லிக்குச் செய்ததை 1952 இல் ஜகுவாருக்குச் செய்தது.

1953 இல் வந்த வெற்றிக்குக் காரணம் மூக்குமன்று, எஞ்சினும் முழுவதாயன்று, பிறேக்கு. பழைய முறையிலே ஒவ்வொரு சில்லிலும் ஒரு மத்தளம் போன்ற உருக்கு வளையம் சுழலும். அதன் உட்புறத்தே இரு சப்பாத்துக்கள் விரிந்து உராய்ந்து சில்லை நிறுத்தும். உராய்வினால் வெப்பம் பிறக்க, மத்தளம் விரிந்து சப்பாத்துக்களை விட்டு விலகிப்போகும். வெப்பமோ உள்ளே அடைபட்டுக்கிடக்கும். இரண்டு மூன்று முறை வேகத்திலிருந்து நிறுத்தினால் நான்காம் முறை பிறேக்குச் சோர்ந்துவிடும். டன்லொப் கம்பெனியும் ஜகுவாரும் சேர்ந்து திருத்திய முறையில், மத்தளத்துக்குப் பதிலாகத் தட்டமொன்று திறந்த காற்றிலே சுழல்கின்றது. இருபுறத்தும் உள்ள கட்டைகள் அதனை இடுக்கி போலப் பிடிக்கின்றன. வெப்பம் காற்றோடு போய்விடுகின்றது. தட்டம் விரிந்தாலும் கட்டைகளை நோக்கியே விரிகின்றது. தட்டப் பிறேக்கு முற்றிலும் புதிய எண்ணமன்று. லான்செஸ்ரர் என்ற ஆங்கில வல்லுநர் 1902 இலேயே அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். ஆனால் ஐம்பது ஆண்டுகள் அது உலோகத்துக்காகவும் உராயும் பொருளுக்காகவும் காத்துக்கிடந்தது. தொடக்கத்திலே பிறேக்குத் திரவம் கொதித்துத் தொல்லை கொடுத்தது. 1952 இல் ஸ்ரேர்லிங் மொஸ் என்ற இளஞ் சாரதி அவ்வண்டியைப் பந்தயங்களில் ஓட்டி அதன் குறைகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தினார்.

லெ மானிலே இதன் பயன் எத்தகையதென்பதை உணர அப்பாதையின் அமைப்பை அறியவேண்டும். முல்சான் என்ற ஊரை நோக்கி நான்கு மைலுக்குச் சற்றுக் குறைந்த ஒரே நேரான தெரு. அதன் முடிவிலே செங்கோணத் திருப்பம். மணிக்கு 150 மைல் அளவில் வரும் வண்டி அங்கே வேகத்தை வெகுவாகக் குறைக்கவேண்டும். பிறேக்கை நம்பாத சாரதி திருப்பத்துக்கு வெகுதூரத்துக்கு முன்பே வேகத்தை விடுவான். நம்பியவன் பல நூறு யார் பிந்தி விடுவான். ஒரு சுற்றில் கிடைக்கும் சில விநாடிகள் முந்நூறு சுற்றிலே பல நிமிடங்களாகும். 1953 ஆம் ஆண்டு நேர்த்தெருவிலே ஜகுவாரிலும் வேகமாக ஓடியது அமெரிக்கரான கன்னிங்கமின் வண்டி. அதற்குக் கிடைத்ததோ மூன்றாம் இடம். அதனிடம் மத்தளப் பிறேக்குகள் இருந்தன. நாலரை லீற்றர் பெராரி வண்டி அஸ்காரியின் கையிலே காலைவரை துரத்தி, கிளச்சுப் பழுதாகி விலகியது. ஜகுவார் முதலாம், இரண்டாம், நான்காம் இடங்களைப் பெற்றது. லெ மானிலே மணிக்கு 100 மைலைக் கடந்த சராசரியுடன் ஒரு வண்டி வென்றது அதுவே முதல் முறை.

வென்ற வண்டியைச் செலுத்தியவர்கள் ரோனி றோல்ற், டங்கன் ஹமில்ற்றன் என்போர். றோல்ற் போர்க்காலத்தில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டுக் கொல்டிற்ஸ் கோட்டையிலே இருந்தபோது, தப்புவதற்காக இரகசியமாகக் கட்டப்பட்ட இயந்திரமில்லா விமானத்தின் வேலையிற் பங்குகொண்டவர். பந்தயத்துக்கு முதல்நாள் விதிமீறலொன்றைக் காட்டித் தங்களை விலக்கிவிட்டார்கள் என்று நம்பி இருவரும் இரவு முழுவதும் மது அருந்தினர், விடிந்தபின்பே ஓடலாம் என்ற செய்தி வந்தது என ஹமில்ற்றன் பிற்காலத்திற் சுவையாகச் சொல்லிவந்தார். றோல்ற்றும் அணித் தலைவரும் அதனை மறுத்தனர். கேட்க இனியது ஹமில்ற்றன் சொன்ன கதை. நம்பத்தக்கது மற்றவர் மறுப்பு.

ஆகவே அந்த 44 மைலைப் பகிர்ந்து கொடுப்பதானால், ஒரு பங்கு எஞ்சினுக்கு, ஒரு பங்கு காற்றை வென்ற உடலுக்கு, ஒரு பங்கு பிறேக்குக்கு. இவற்றோடு எளிதில் மறக்கப்படும் நான்காவது பங்காளி ஒன்றுண்டு. அது தெரு. 1927 இல் ஒரு சுற்று ஏறத்தாழ 10¾ மைல். நகரின் எல்லைவரை சென்று கொண்டையூசி போலத் திரும்பவேண்டும். தெருவின் மேற்பரப்போ கல்லும் புழுதியும். 1932 முதல் சுற்று 8½ மைலுக்குச் சற்றுக் குறைவாயிற்று, நகரத் திருப்பம் ஒழிந்தது, தார்த்தெரு வழுவழுப்பாயிற்று. பென்ற்லியை 1953 ஆம் ஆண்டின் தெருவில் ஓடவிட்டிருந்தால் அதன் சராசரியும் உயர்ந்தே இருக்கும். மறுபுறம், வெள்ளை வீட்டு வளைவிலே பென்ற்லி வாங்கிய அடியை ஜகுவாரின் மெல்லிய குழாய்க்கூடு வாங்கியிருந்தால், ஒரு மனிதன் அரை மணி நேரத்தில் வாராலும் கயிற்றாலும் கட்டி அதனை மீண்டும் ஓடச்செய்திருப்பான் என்று எண்ணுவதற்கில்லை. பென்ற்லியின் பாரம் அதன் குற்றம். அன்றிரவு அதுவே அதன் கவசம்.

தெரு வண்டியோடு சேர்ந்து வளர்ந்ததா என்றால், போதிய அளவு வளரவில்லை. 1955 ஆனி 11 ஆந் திகதி மாலை, ‘சீ’ வகையின் வழித்தோன்றலான ‘டீ’ வகை ஜகுவாரைச் செலுத்திய ஹோதோர்ன் பெற்றோல் நிரப்புவதற்காகத் தரிப்பிடத்தை நோக்கி ஒதுங்கிப் பிறேக்கை அழுத்தினார். பின்னால் வந்த சிறு வண்டி அதனைத் தவிர்க்க விலகியது. அதற்கும் பின்னே பெருவேகத்தில் வந்த மேர்சிடிஸ் அச்சிறு வண்டியில் மோதி, மேலெழுந்து, மக்கள் நெருங்கி நின்ற பக்கம் சிதறியது. பார்த்துநின்றோருள் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேர்சிடிஸ் சாரதியும் மாண்டார். ஓடுபாதைக்கும் தரிப்பிடத்துக்கும் இடையே தடுப்பில்லை; மக்களைக் காத்தது ஒரு மண்ணணை மாத்திரமே. மணிக்கு அறுபது மைல் சராசரிக்குப் போதுமாயிருந்த ஏற்பாடு அது. விசாரணை எந்தச் சாரதியின்மீதும் குற்றஞ் சுமத்தவில்லை. பாதையே தகுதியற்றதென்று கண்டது. மறு ஆண்டுப் பந்தயத்துக்குமுன் தரிப்பிடங்களையும் மேடைகளையும் இடித்து, பாதையை அகலித்துக் கட்டினர். 1927 இல் மோதிய வண்டிகளிலிருந்து அனைவரும் உயிரோடு எழுந்துவந்ததும், 1955 இல் நிகழ்ந்ததும் ஒரே பாதையின் இரு முகங்கள்.

அந்தப் பழைய ஏழாம் இலக்கத்தைப் படைத்தவர் என்னவானார்? பென்ற்லி சில ஆண்டுகள் றோல்ஸ்-றொய்சிலே சம்பளத்துக்கு வேலைசெய்து, 1935 இல் லகொண்டா கம்பெனியிற் சேர்ந்தார். போருக்குப் பின் அங்கே அவர் மேற்பார்வையிலே உருவான வண்டிக்குத் தமது சொந்தப் பெயரைச் சூட்டவும் அவருக்கு உரிமை இருக்கவில்லை. பெயருக்கு உரியவர் றோல்ஸ்-றொய்ஸ் கம்பெனியார். 1947 இல் லகொண்டாவை டேவிட் பிறவுண் என்பவர் வாங்கினார். அவ்வண்டிக்கென ஆக்கிய 2.6 லீற்றர் எஞ்சினை அவர் தமது மற்றொரு கம்பெனியின் வண்டியான அஸ்ரன் மாட்டினிலே பொருத்தினார். ‘சீ’ வகை ஜகுவார் முதன்முதலாக வென்ற 1951 ஆம் ஆண்டுப் பந்தயத்திலே மூன்றாவதாக வந்தது அத்தகைய ஓர் அஸ்ரன் மாட்டின். அதே பந்தயத்திற் பென்ற்லி என்ற பெயரைத் தாங்கிய பழைய வண்டியொன்றும் ஓடி, 22 ஆம் இடத்தைப் பெற்றது. வோல்ற்றர் ஓவன் பென்ற்லிக்கு அப்போது வயது 62.